கிளெய்ம் கேஸ் ஷீட்டில் தொடங்குகிறது: செல்லப்பிராணியின் மருத்துவ, காப்பீட்டுக் காகிதங்களைப் படிப்பது எப்படி?

எங்கள் செல்லப்பிராணி ராணிக்குப் பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தோம். காப்பீடு இருந்தது. பிரீமியம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் கிளெய்ம் திரும்பி வந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே நொண்டல் இருந்திருக்கிறது என்று ஒரே ஒரு வரியில் காரணம் எழுதியிருந்தார்கள்.

பழைய கேஸ் ஷீட்டின், அதாவது ஒவ்வொரு முறையும் டாக்டர் எழுதி வைக்கும் குறிப்பின், நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாலிசி எடுப்பதற்கு ஐந்து மாதம் முன்னால் தடுப்பூசி போடப் போயிருந்தோம். அன்றைக்கு நான்தான் பேச்சுவாக்கில் "ரெண்டு நாளா லேசா நொண்டுறா டாக்டர்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் "நொண்டல், 2 நாள்" என்று எழுதி வைத்திருந்தார். எந்தக் கால் என்று எழுதவில்லை. முன்னங்காலில் முள் குத்தியதால் வந்த நொண்டல் அது. பின்னங்கால் முட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் காகிதத்தில் அந்த வித்தியாசம் இல்லை.

பணம் வருமா வராதா என்பது பில்லைப் பார்த்தால் தெரியாது. கேஸ் ஷீட்டைப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள், கேஸ் ஷீட்டை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள்

ஒரு ஃபைல் போதும். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், லேப் ரிப்போர்ட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பாலிசி எல்லாம் தேதிவாரியாக அதற்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, தேதியைப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சில மாதங்களிலேயே வெளிறிவிடும்.

அடுத்ததாக, மருத்துவமனையில் "முழு மருத்துவப் பதிவின் நகல் வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். சும்மா "ரிப்போர்ட் கொடுங்க" என்றால் கடைசிச் சீட்டை மட்டும் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது, ஒவ்வொரு முறையும் டாக்டர் தன் பதிவுக்காக எழுதிய குறிப்புகள். தத்தெடுத்த பிராணி என்றால் காப்பகத்தில் இருந்த காலத்துப் பதிவையும் வாங்கிவிடுங்கள். அது உங்கள் கண்ணில் பட்டதே இல்லை என்றாலும், கிளெய்ம் வரும்போது நிறுவனம் கேட்கும்.

தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்ட தேதி, அடுத்த தேதி, டாக்டரின் கையெழுத்து ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் வந்தால், ஊசி உரிய காலத்தில் போடப்பட்டதா என்று பார்த்துத்தான் பல பாலிசிகள் பணம் தருகின்றன. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டிக்கு அட்டையில் ஒரு தேதி விடுபட்டிருந்தால் அதுவே சிக்கலாகிவிடும். தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணும் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். சர்வதேசத் தரப்படி அது 15 இலக்கம். ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள், ஏனென்றால் பாலிசியில் உள்ள எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்தாக வேண்டும். பிராணியோடு நாடு விட்டு நாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் சிப் பொருத்திய பிறகு போட்ட ரேபிஸ் ஊசிதான் செல்லும்.

இரண்டாம் படி: கேஸ் ஷீட்டைப் படியுங்கள்

பார்த்தவுடன் மிரட்டும் காகிதம் இது. ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் ஒரே வரிசையில்தான் எழுதுகிறார்கள். முதலில் நீங்கள் சொன்னது, அடுத்து அவர் பார்த்ததும் அளந்ததும், பிறகு அவர் என்ன நினைக்கிறார் என்பது, கடைசியில் செய்யப்போவது. இந்த நான்கின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து "சோப்" குறிப்பு என்பார்கள். ஓரத்தில் எஸ், ஓ, ஏ, பி என்று தனித்தனி எழுத்துகள் இருந்தால் அது இதுதான்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம். "பி.ஏ.ஆர்., டி 38.9, எம்.எம். பிங்க், சி.ஆர்.டி. 2 நொடிக்குள், பி.சி.எஸ். 6/9." முதலாவதற்குப் பிராணி சுறுசுறுப்பாக, விழிப்பாக, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நிலையில் இருக்கிறது என்று பொருள். டி என்றால் உடல் வெப்பம். 38.9 டிகிரி செல்சியஸ் என்றதும் காய்ச்சல் என்று பதற வேண்டாம். நம் உடலைவிட நாய்க்கும் பூனைக்கும் சூடு கூடுதல், ஏறத்தாழ 38-இலிருந்து 39.2 வரை இயல்பு. எம்.எம். என்பது ஈறு போன்ற சவ்வுப் பகுதியின் நிறம். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் எத்தனை நொடியில் மறுபடி சிவக்கிறது என்பது சி.ஆர்.டி. இரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் 2 நொடிக்குள் சிவந்துவிடும். பி.சி.எஸ். என்பது உடல்வாகுக்கு 9-க்குப் போடும் மதிப்பெண். 4, 5 சரியான அளவு, 6 என்றால் கொஞ்சம் எடை கூடிவிட்டது. ஆக, அந்த வரியின் பொருள்: ஆரோக்கியமான, சற்றே குண்டான நாய்.

அடிக்கடி வரும் வேறு சில: வி/டி என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு. எச்.எக்ஸ். என்றால் முன்கதை, டி.எக்ஸ். என்றால் இன்ன நோய் என்று டாக்டர் எடுத்த முடிவு. ஆர்/ஓ என்று ஒரு நோயின் பெயருக்கு முன்னால் இருந்தால் "இதுவாக இருக்குமோ, இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்" என்று அர்த்தம். இது ரொம்ப முக்கியம். சந்தேகப்பட்டியலில் இருந்த ஒரு பெயரை, இருக்கும் நோயாகவே எடுத்துக்கொண்டு கிளெய்மை மறுத்த சம்பவங்கள் உண்டு. சந்தேகம் தீர்ந்த பிறகு அதைத் தீர்ந்தது என்று எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் வேலை.

மருந்துச் சீட்டில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஒரு நாளைக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை மருத்துவர்கள் "எஸ்.ஐ.டி." என்று எழுதுவார்கள். மனிதர்களுக்கான மருந்துக்கடையில் இந்தச் சுருக்கம் பழக்கமில்லை. இரண்டு வேளையைக் குறிக்கும் "பி.ஐ.டி." என்று படித்துவிடுவது நடக்கிறது. வெளியே மருந்து வாங்குவதாக இருந்தால் எத்தனை வேளை, எத்தனை நாள், எத்தனை மில்லி என்பதை முழுச் சொற்களில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மில்லிகிராமா மில்லிலிட்டரா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாம் படி: பிழை இருந்தால் இப்போதே கேளுங்கள்

ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, அன்றைய குறிப்பைப் படியுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கால், எத்தனை நாளாக, எதனால் என்ற நான்கும் தெளிவாக இருக்கின்றனவா? "எப்போதாவது வாந்தி" என்று இருந்தால் எப்போதாவது என்பது எவ்வளவு? புல் தின்ற அன்று ஒருமுறை வாந்தி எடுத்ததை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இரண்டு வருடம் கழித்துக் குடல் நோய் வந்தால் அந்த ஒற்றைச் சொல் பழைய நோயின் அறிகுறியாக வாசிக்கப்படும்.

ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள். உண்மையை நீக்கச் சொல்லியோ, தேதியை மாற்றச் சொல்லியோ டாக்டரிடம் கேட்கவே கூடாது. அது மோசடி. அவருடைய உரிமத்துக்கும் ஆபத்து, உங்கள் பாலிசியே ரத்தாகலாம். கேட்க வேண்டியது கூடுதல் குறிப்பு. பழைய வரி அப்படியே இருக்க, அதன் கீழே இன்றைய தேதியிட்டு "மேற்கண்ட நொண்டல் இடது முன்னங்கால் பாதத்தில் முள் குத்தியதால், முழுவதும் குணமானது" என்று டாக்டர் சேர்க்கலாம். நேர்மையான திருத்தம் இப்படித்தான் இருக்கும். இதை மறுக்கும் டாக்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதே போல அறிகுறியை மறைப்பதற்காக டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். காப்பீட்டுக்குப் பயந்து சிகிச்சையைக் கெடுத்துக்கொண்டால் கஷ்டப்படுவது வாயில்லாத ஜீவன்.

நான்காம் படி: லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாமலிருப்பது

ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் இயல்பு எல்லை என்று இரண்டு எண்கள் இருக்கும். வெளியே போனால் தடித்த எழுத்திலோ அம்புக்குறியோடோ காட்டுவார்கள். இந்த எல்லையை ஆரோக்கியமான பிராணிகளில் 95 சதவீதம் உள்ளே வருமாறு வகுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத பிராணிகளிலேயே 20-இல் ஒன்று, ஒரு பரிசோதனையில் எல்லைக்கு வெளியே நிற்கும். 20 பரிசோதனைகளை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக வைத்துக் கணக்குப் போட்டால், நல்ல ஆரோக்கியமான பிராணிக்கும் ஏதாவது ஒன்றில் அம்புக்குறி விழ 64 சதவீத வாய்ப்பு. மருத்துவமனைக்கு வந்த பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். கிரேஹவுண்ட் இன நாய்களுக்குச் சிவப்பணு இயல்பிலேயே அதிகம்.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த அம்புக்குறிக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இருந்தால் எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?" அர்த்தமில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு லேசாகக் கூடி, ஒருவரும் எதுவும் எழுதாமல் விட்டால், பின்னாளில் சிறுநீரக நோய்க்குக் கிளெய்ம் போடும்போது அந்த அம்புக்குறியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஐந்தாம் படி: எஸ்டிமேட்டும் ஒப்புதல் படிவமும்

எஸ்டிமேட் என்பது உத்தேசக் கணக்கு. குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு தொகை இருந்தால் அதிகபட்சத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள். அதைத் தாண்டும் நிலை வந்தால் போனில் கேட்ட பிறகே தொடர வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிவிடலாம். மயக்க மருந்துக்கான ஒப்புதலில் ஏ.எஸ்.ஏ. என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கலாம். அது ஆபத்தின் அளவு. 1 என்றால் ஆரோக்கியமான பிராணி, எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

அதே தாளில் இன்னொரு கட்டம் இருக்கும்: இதயம் நின்றுவிட்டால் உயிர்ப்பிக்க முயல வேண்டுமா, வேண்டாமா. கவுன்டரில் நின்றுகொண்டு, கண்ணீரோடு முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது. வீட்டில் எல்லோருமாக முந்தின நாளே பேசி வையுங்கள்.

ஆறாம் படி: பாலிசியைப் பின்னாலிருந்து படியுங்கள்

முதல் பக்கத்தில் எதற்கெல்லாம் பணம் வரும் என்று அழகாகப் போட்டிருப்பார்கள். அதை விடுங்கள். முதலில் சொற்பொருள் பகுதி, அடுத்து விலக்குகள் பகுதி, அப்புறம்தான் முதல் பக்கம். விலக்குகளில் ஒரு சொல் வந்தால், சொற்பொருள் பகுதியில் அதற்கு என்ன அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். நமக்குத் தெரிந்த அர்த்தமும் அவர்கள் எழுதிய அர்த்தமும் பெரும்பாலும் வேறு.

உதாரணம், "முன்பே இருந்த நோய்". டாக்டர் நோயைக் கண்டுபிடித்த தேதிதான் கணக்கு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான பாலிசிகளில் அறிகுறி முதலில் தெரிந்த தேதிதான் கணக்கு, நோயின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாமல் இருந்தாலும் சரி. ராணிக்கு நடந்தது இதுதான். குணமாகக்கூடிய நோயாக இருந்து, குறிப்பிட்ட காலம் அறிகுறியே இல்லாமல் இருந்தால் சில நிறுவனங்கள் அதை மறந்துவிடும். எத்தனை மாதம் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்களுடையதில் தேடி அடிக்கோடிடுங்கள்.

காத்திருப்புக் காலம் என்பது பாலிசி தொடங்கியும் பாதுகாப்பு தொடங்காத இடைவெளி. விபத்துக்குச் சில நாள், நோய்க்கு இரண்டு வாரம் அளவில், முட்டித் தசைநார் போன்றவற்றுக்கு 6 மாதம் வரை என்று பல பாலிசிகளில் பார்க்கலாம். இந்த இடைவெளியில் தெரியும் அறிகுறியும் முன்பே இருந்ததாகவே கணக்கில் ஏறும்.

"இருபக்க விலக்கு" என்று ஒன்று உண்டு. பலர் கவனிப்பதே இல்லை. பாலிசிக்கு முன் வலது முட்டியில் பிரச்சினை இருந்திருந்தால், பிற்பாடு இடது முட்டியில் வருவதற்கும் பணம் இல்லை. இடுப்பு, கண், காது என்று இரட்டையாக இருக்கும் எல்லா உறுப்புக்கும் இதே கதைதான். ஒரு முட்டியில் தசைநார் அறுந்த நாய்க்கு மற்ற முட்டியிலும் அறுவது சகஜம் என்பதால் இந்த ஒரு வரி பெரும் செலவில் கொண்டுபோய் விடும்.

பணக் கணக்குக்கு வருவோம். டிடக்டிபிள் என்பது முதலில் நீங்கள் ஏற்கும் தொகை. வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்று பாருங்கள். ஒரே வருடத்தில் காது, தோல், வயிறு என்று மூன்று பிரச்சினை வந்தால், நோய்க்கு ஒன்று என்ற பாலிசியில் மூன்று முறை கழிப்பார்கள். அதற்கு மேல் கோ-பே, அதாவது மீதியில் உங்கள் பங்கு. இரண்டில் எதை முதலில் கழிக்கிறார்கள் என்பதும் கணக்கை மாற்றும். ஏற்றுக்கொண்ட பில் 10,000, டிடக்டிபிள் 2,000, உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிளை முதலில் கழித்தால் 8,000-இல் 80 சதவீதம், கைக்கு 6,400 வரும். பங்கை முதலில் கழித்தால் 8,000-இலிருந்து 2,000 போய் 6,000 தான். "ஏற்றுக்கொண்ட பில்" என்ற சொல்லையும் கவனியுங்கள். டாக்டரின் கன்சல்டேஷன் கட்டணம், சிறப்பு உணவு போன்றவற்றைச் சில பாலிசிகள் முதலிலேயே ஒதுக்கிவிடும். தடுப்பூசி, கருத்தடை போன்றவை பொதுவாகத் தனியாக எடுக்க வேண்டிய பிரிவு.

வரம்பையும் பாருங்கள். ஆண்டு வரம்பு வருடா வருடம் புதிதாகத் தொடங்கும். நோய் வரம்பு தீர்ந்தால் அந்த நோய்க்கு அதோடு சரி. ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் பணம் தந்து நிறுத்தும் பாலிசிகளும் உண்டு. சர்க்கரை, தோல் ஒவ்வாமை என்று ஆயுள் முழுக்கத் தொடரும் நோய்களுக்கு இந்தக் கடைசி வகை பெரிதாகக் கைகொடுக்காது. பிரீமியம் குறைவு என்று இதை எடுத்துவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். நிறுவனம் மாறும்போதும் யோசியுங்கள். பழைய இடத்தில் பணம் வந்துகொண்டிருந்த நோய், புதிய இடத்தில் முன்பே இருந்த நோயாகிவிடும்.

பாலிசி எடுத்த கையோடு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இத்துடன் முழு மருத்துவப் பதிவை இணைத்திருக்கிறேன். எவற்றையெல்லாம் முன்பே இருந்த நோயாகக் கருதுவீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்." பதிவை முன்கூட்டியே பரிசீலித்துப் பதில் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. போனில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஏழாம் படி: கிளெய்ம் போடும்போது

அவசரம் இல்லாத பெரிய சிகிச்சை என்றால் முன் அனுமதி கேட்டுவிடுங்கள். பல இடங்களில் முதலில் நீங்கள் கட்டி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதால், கையில் பணம் தயாராக இருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் போதாது. மருந்து, பரிசோதனை, அறை என்று பிரித்துப் போட்ட பில்லும், பணம் கட்டிய ரசீதும் வேண்டும். கிளெய்ம் படிவத்தில் "அறிகுறி முதலில் தெரிந்த தேதி" என்ற கட்டத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். கேஸ் ஷீட்டில் உள்ளதும், டாக்டர் தன் பகுதியில் எழுதியதும், நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேதி முரண்பட்டால் அங்கேயே ஃபைல் நின்றுவிடும். அனுப்பும் கடைசி நாள் எதுவென்று பாலிசியில் இருக்கும். அனுப்பியதற்கான எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

எட்டாம் படி: மறுத்துவிட்டால்

முதலில் கோபத்தோடு போன் செய்யாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள், எந்தத் தேதிக் குறிப்பை ஆதாரமாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் டாக்டரிடம் போய்க் குறிப்பாகக் கேட்க முடியும். "இந்த நோயும் அந்தத் தேதியில் எழுதிய அறிகுறியும் ஒன்றா, வேறா? மருத்துவக் காரணத்தோடு எழுதித் தர முடியுமா?" மறுபரிசீலனைக்கும் கெடு உண்டு. அதிலும் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்பு எது என்று பாலிசியின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். தடுப்பூசி நாளின் பில்லைத் தேடி எடுத்தபோது, காயத்துக்குப் போடும் களிம்பு ஒன்றும் பாதத்தில் கட்டுப்போட்டதற்கான கட்டணமும் அதில் இருந்தன. டாக்டருக்கு அந்த முள் நினைவுக்கு வந்துவிட்டது. முன்னங்கால் பாதத்தில் முள், பின்னங்கால் முட்டியில் தசைநார், இரண்டும் வேறு என்று அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தையும் பில்லையும் சேர்த்து அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து டிடக்டிபிள் போக மீதிப் பணம் வந்தது. போன மாதம் ராணிக்குக் காதில் அரிப்பு. டாக்டர் எழுதத் தொடங்கும்போதே, "வலது காது, நேற்று குளித்த பிறகு" என்று சேர்த்துச் சொன்னேன். அவரும் அதை அப்படியே எழுதிவிட்டு, நான் படிக்கும்படி தாளைத் திருப்பி வைத்தார்.